எதன் மேல் இருக்கிறது

கோவில்பட்டியில் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு கடலின் அடித்தரையைப் பார்ப்பதுதான் என் வேலை. சொன்னால் யாரும் நம்புவதில்லை. பால் ஊற்றுகிற அம்மா நான் ஏதோ சீட்டுக் கம்பெனிக்குக் கணக்கு எழுதுவதாகவே வெகுநாள் நினைத்திருந்தார். வீட்டுக்கார அண்ணாச்சி ஒருநாள் வாசலில் நின்று, "கடலுக்கு அடியில அப்படி என்னம்மா இருக்கு?" என்று கேட்டார். "முக்காவாசி சேறுதான் அண்ணாச்சி" என்றேன். "சேத்தைப் பாக்கதுக்கா சம்பளம் குடுக்கான்?" என்று சிரித்துவிட்டுப் போனார். வாடகையை ஏற்றும்போது மட்டும் அந்தச் சம்பளத்தின் மேல் அவருக்கு முழு நம்பிக்கை வந்துவிடும்.

இந்த வேலையைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால் அக்காவைப் பற்றித்தான் எழுத வருகிறது. இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியுமா என்று முயன்று பார்த்தேன். முடியவில்லை. ஆகவே முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

கப்பலிலிருந்து நீளமான வடத்தில் கட்டி ஒரு காமிராவை இறக்குவார்கள். எந்தக் கடல் என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஆழம் கிலோமீட்டர் கணக்கில். சூரிய வெளிச்சம் அங்கே எட்டிப் பார்ப்பதே கிடையாது. காமிராவோடு போகும் விளக்கு எவ்வளவு தூரம் காட்டுகிறதோ அவ்வளவுதான் உலகம். படத்தின் நடுவில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் எப்போதும் கூடவே வரும். அந்தப் புள்ளிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியை வைத்து மற்றதன் அளவைக் கணக்குப் போடலாம். அந்தப் படங்கள் வீட்டில் இருக்கும் என் கணினிக்கு வரும். அதில் தெரிகிற ஒவ்வொரு உயிரையும் சுற்றி நான் ஒரு கட்டம் போட வேண்டும். என்ன உயிர் என்று குறிக்க வேண்டும். அதற்குப் பிறகு இன்னொரு கேள்வி இருக்கும்: எதன் மேல் இருக்கிறது? சேற்றின் மேலா, கல்லின் மேலா, இன்னொரு உயிரின் மேலா?

விலங்கியல் படித்தவள்தான் நான். ஆனாலும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கடைசிக் கேள்வியை வெட்டிவேலை என்று நினைத்தேன். உயிர்தானே முக்கியம், அது எங்கே உட்கார்ந்திருந்தால் என்ன என்று எரிச்சலாக வரும். போகப் போகத்தான் புரிந்தது, அந்தக் கேள்விக்காகத்தான் அவ்வளவு செலவு செய்து காமிராவையே இறக்குகிறார்கள் என்று.

அக்கா எனக்கு மூத்தவள். அப்பா கரிசலில் மானாவாரி விவசாயம் பார்த்தவர். அவரும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் கோவில்பட்டியில் வாடகைக்கு வீடு எடுத்தோம். அவள் நூற்பாலைக்குப் போனாள், நான் கல்லூரிக்குப் போனேன். அவளைத் தியாகி என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு அவளுக்குத்தான். தாயம் விளையாடினால் கூசாமல் கள்ளாட்டம் ஆடுவாள். ஆலையில் நூல் சுற்றுகிற இயந்திரங்களின் இரைச்சலில் அவளுக்குப் பாதிக் காது போய்விட்டது. அதனால் எதையும் உரக்கத்தான் பேசுவாள். அவள் எனக்கு ஒரு ரகசியம் சொன்னால் தெருமுனைக் கடைக்காரர் அதற்குப் பதில் சொல்வார்.

காலை ஷிப்ட் முடிந்து பிற்பகலில் வருவாள். குளித்த பிறகும் தலைமுடியில் எங்காவது பஞ்சு ஒட்டியிருக்கும். ஒரு கையில் கருப்பட்டிக் காப்பி, இன்னொரு கையில் காரச்சேவுப் பொட்டலம் என்று என் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். சேவுத் தூள் என் கீபோர்டு முழுக்க உதிரும். டிவியில் சீரியல் ஓடும் நேரம் அது. அதை விட்டுவிட்டு இதைப் பார்ப்பாள்.

முதல்முறை பார்த்தபோது, "என்னட்டி இது, நம்ம காடு மாதிரில்லா கெடக்கு" என்றாள். எங்கள் பக்கம் நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். அவள் சொன்னது சரிதான். கண்ணுக்கெட்டிய மட்டும் ஒரே மட்டமாக, கோடை கழிந்து வெறுமனே கிடக்கும் கரிசல் போலவே இருந்தது. பல படங்களில் ஒன்றுமே இருக்காது. எப்போதாவது ஒரு கடல் அட்டை சேற்றைத் தின்றுகொண்டே நகர்ந்து போகும். அதன் பின்னால் ஒரு தடம் நீளும்.

"இதுக்கு சீரியலே தேவலை" என்று எழுந்து போகப் பார்த்தாள். அந்த நேரத்தில்தான் படத்தில் கற்கள் வந்தன.

கற்கள் என்று நான் சொல்வது கறுப்பு உருண்டைகள். உருளைக்கிழங்கு அளவில் சேற்றின் மேல் பாதி புதைந்து கிடக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து உண்டானவை. ஓர் உருண்டை அந்த அளவுக்கு வர லட்சோப லட்சம் ஆண்டுகள் ஆகும். அவை கிடக்கும் இடத்துக்குக் காமிரா வந்ததும் எனக்குக் கட்டம் போட்டு மாளாது. கல்லின் மேல் கடற்பஞ்சு. பஞ்சு என்றால் மெத்தென்று இருப்பது இல்லை. கண்ணாடி நாரால் ஆன காம்பின் உச்சியில் சின்னக் கிண்ணம் கவிழாமல் நிற்பது போல இருக்கும். காம்பைச் சுற்றி மெல்லிய கைகளை உடைய நட்சத்திர மீன் ஒன்று ஏறியிருக்கும். கிண்ணத்துக்குள் இறால் மாதிரி ஏதோ ஒளிந்திருக்கும். கல்லின் ஓரத்தில் பவளப் பூச்சிகள், புழுக்களின் குழாய்கள், கல்லுக்கு அடியில் இன்னும் சில. கொஞ்சம் தள்ளி மறுபடி வெறும் சேறு.

அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டுமே என்று யோசித்துச் சொன்னேன். "மேலேயிருந்து விழுத தூசுதான் அங்கன சாப்பாடுக்கா. இதுகளோட குஞ்சுக தண்ணியில மிதந்து வரும். சேத்துல எறங்குனா பொதைஞ்சி போயிரும். கெட்டியா ஒண்ணு கெடச்சாத்தான் ஒட்டி வளரும். கொஞ்சம் ஒசரமாவும் இருந்தா ஓடுத தண்ணியில சாப்பாடு நல்லாக் கெடைக்கும். அதான் கல்லு மேல பஞ்சு, பஞ்சு மேல அது, அது மேல இன்னொண்ணு."

அவள் சேவை மென்றுகொண்டே கேட்டாள். பிறகு, "நம்ம காட்டுல ஒத்தை உடைமரம் நின்னுச்சே, அது மாதிரியா?" என்றாள்.

அப்படியே அதுதான். எங்கள் நிலத்தில் அந்த ஒரு முள்மரம்தான் உண்டு. பருத்தி எடுக்க வருகிறவர்களின் தூக்குச்சட்டிகள் அதில்தான் தொங்கும். தொட்டில் அதில்தான் கட்டுவார்கள். ஓணான், எறும்புப் புற்று, கரிச்சான் குருவி, வழியில் போகும் ஆட்டுக்காரர், அவருடைய ஆடுகள் எல்லாம் அதன் கீழேதான். நான் பாடமாகப் படித்ததை அவள் உடைமரத்தில் முடித்துவிட்டாள் என்று எனக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது. அன்றைக்கு அந்த வரிசைப் படங்கள் முடியும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்விதான். எதிர்வீட்டு மாப்பிள்ளை எதன் மேல் இருக்கிறார்? மாமனார் மேல். பஸ் ஸ்டாண்டு டீக்கடை எதன் மேல் இருக்கிறது? திருநெல்வேலி வண்டி தாமதமாக வருவதன் மேல். இப்படிச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் சிரிப்போம்.

அந்த ஆக்டோபஸைப் பார்த்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தூத்துக்குடிப் பக்கம் மீனவர்கள் அதைப் பேய்க்கணவாய் என்பார்கள். கற்கள் நிறைந்த இடத்தில் இரண்டு உருண்டைகள் ஒட்டிப் பிறந்தது போல ஒரு கல் கிடந்தது. அதன் மேல் ஒரு பஞ்சின் காம்பு. பஞ்சு எப்போதோ செத்துவிட்டது. கிண்ணம் இல்லை, நுனி ஒடிந்த காம்பு மட்டும் சாய்ந்து நின்றது. அந்தக் காம்பைக் கட்டிக்கொண்டு, வெள்ளை வெளேரென்று, உள்ளிருப்பதே தெரிகிற மாதிரி ஒரு பேய்க்கணவாய் இருந்தது. அதன் கைகளுக்கு நடுவில் காம்பைச் சுற்றி முட்டைகள்.

நான் படத்தின் ஓட்டத்தை நிறுத்திவிட்டேன். அக்கா காப்பியைக் கீழே வைத்தாள்.

"பேயா இது? பாவம், பிள்ளைத்தாச்சி கணக்கால்லா இருக்கு" என்றாள்.

"முட்டைக்குக் காவல் இருக்குக்கா. சேத்துல முட்டை வைக்க முடியாது. காம்பு வேணும். செத்த பஞ்சோட காம்பா இருந்தாலும் போதும்."

"எத்தனை நாளைக்கு இப்படி இருக்கும்?"

"வருசக்கணக்கா இருக்கும். அந்தக் குளிர்ல முட்டை மெதுவாத்தான் வளரும்."

"சாப்பாடு?"

"சாப்பிடாது."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை. முட்டை பொரிந்ததும் தாய் செத்துப்போகும். அதன் வாழ்க்கையில் முட்டை வைப்பதும் காவல் இருப்பதும் ஒரே ஒருமுறைதான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்காவுக்கு அப்போது கல்யாண வயதெல்லாம் எப்போதோ கடந்திருந்தது. என்னைப் படிக்க வைத்ததில்தான் அது கடந்தது என்று உறவுக்காரர்கள் எனக்குக் கேட்கிற மாதிரியே பேசுவார்கள்.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும், "அவ இருக்காளா, காட்டு" என்பாள். அது நிறுத்தி எடுத்து வைத்த படம், என்றைக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று சொன்னாலும் கேட்க மாட்டாள். நானும் எடுத்துக் காட்டுவேன். காம்பு, கல், வெள்ளை உடம்பு, இரண்டு சிவப்புப் புள்ளிகள். கப்பல் பிறகு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பிப் போகும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அதை அவளிடம் சொன்னதிலிருந்து அந்தக் கப்பலுக்காக அவள் காத்திருக்க ஆரம்பித்தாள்.

கப்பலுக்கு முன்னால் அவளுக்கு வேறொன்று வந்தது. புதியம்புத்தூரில் சின்னதாகத் தையல் யூனிட் வைத்து, பள்ளிக்கூடத்துச் சீருடை தைத்துக் கொடுப்பவர். மனைவி தவறிப்போனவர். கல்லூரியில் படிக்கிற ஒரு மகள். எங்கள் உறவில் ஒரு கல்யாண வீட்டில் அக்காவைப் பார்த்திருக்கிறார். பிறகு ஆள் விட்டுக் கேட்டார். அக்கா எனக்குத் தோசை ஊற்றிக்கொண்டே, "நான் சரின்னு சொல்லிட்டேன்" என்றாள். சட்னியில் உப்பு போதுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். ஆனால் முகம் சிவந்திருந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு வெட்கத்தை நான் பார்த்ததே இல்லை.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம் வந்தது. இத்தனை வருடம் இருந்துவிட்டு இப்போது என்ன என்று வந்தது. கேட்கவில்லை. தோசை நன்றாக இருக்கிறது என்று சொல்லி இன்னொன்று வாங்கிச் சாப்பிட்டேன்.

கோவிலில் வைத்துத் தாலி கட்டினார்கள். அத்தான் நல்லவர், அதிகம் பேசாதவர், அக்காவுக்கு அது வசதி. கிளம்பும்போது காரில் ஏறிய பிறகு கண்ணாடியை இறக்கி, "ஏட்டி, அவ படம் திரும்ப வந்தா எனக்குச் சொல்லணும். நான் இல்லாமப் பாத்தீன்னா இருக்கு உனக்கு" என்று சத்தமாகச் சொன்னாள். கூட்டத்தில் இருந்தவர்கள் ஏதோ சினிமாவைச் சொல்கிறாள் என்று நினைத்தார்கள். நான் மறுவீட்டுச் சாப்பாட்டுக்குப் புதியம்புத்தூர் போனேன். அதோடு சரி. பிறகு போகவில்லை. வேலை இருக்கிறது, தண்ணீர் வரும் நாள், தலைவலி என்று ஒவ்வொரு முறையும் ஏதாவது சொன்னேன்.

அவள் போனபோது அவள் மட்டும் போகவில்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிற ஆலைத் தோழிகள் இரண்டு பேர் உண்டு. வந்தால் வீடு அமளிப்படும். அவர்கள் ஒருமுறை வந்து என்னோடு அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு, பேச ஒன்றும் இல்லாமல் போனார்கள். தாயம் ஆட வருகிற பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வருவதில்லை. மீன் தலைக்காக வாசலில் காத்திருக்கும் பூனை வேறு வீடு பார்த்துக்கொண்டது. பால்கார அம்மா முன்பெல்லாம் படியில் உட்கார்ந்து மருமகளைத் திட்டிவிட்டுத்தான் போவார். இப்போது பாலை ஊற்றிவிட்டு நிற்காமல் போகிறார். இவர்கள் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் என்றே நான் எண்ணியிருந்தேன். அவர்கள் அக்காவின் மேல் இருந்திருக்கிறார்கள்.

நானும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். பிற்பகல் ஆனால் காப்பி வாசம் வருகிறதா என்று மூக்கு தேடும். கீபோர்டில் சேவுத் தூள் இல்லாமல் சுத்தமாக இருப்பதைப் பார்த்தால் ஆத்திரமாக வரும். அந்த நாற்காலியை இடம் மாற்றினேன், பிறகு பழைய இடத்திலேயே போட்டேன். போனில் பேசுவாள். பின்னணியில் தையல் மெஷின்கள் ஓடும். ஆலையில் போன காதுக்கு அந்தச் சத்தம் போதவில்லை என்பாள். சிரிப்பாள். சந்தோஷமாக இருக்கிறாள் என்று குரலிலேயே தெரியும். எனக்கு அது பிடிக்கும், பிடிக்காமலும் இருக்கும்.

கப்பலின் இரண்டாவது படங்கள் இந்தப் புரட்டாசியில் வந்தன. கூடவே ஒரு நீளமான மின்னஞ்சலும் வந்தது. நான் மின்னஞ்சலைப் படிக்கவில்லை. படங்களையும் திறக்கவில்லை. அக்காவுக்குப் போன் போட்டேன். "ஞாயித்துக்கெழம வாரேன்" என்றாள். எனக்கு வேண்டியது அதுதான். படம் ஒரு சாக்கு. வந்தால் நாலு நாள் இருந்துவிட்டுப் போ என்று சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தேன். சீலா மீன் வாங்கி வைத்தேன். காரச்சேவு வாங்கி வைத்தேன்.

ஓட்டப்பிடாரம், பசுவந்தனை வழியாக வருகிற பஸ்ஸில் வந்து இறங்கினாள். நான் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவள் பையைத்தான் பார்த்தேன். சின்னக் கைப்பை. எனக்காகத் தைத்த இரண்டு நைட்டிகளை அதற்குள் மடித்து வைத்திருந்தாள். அவளுக்கென்று மாற்றுத்துணி ஒன்றும் இல்லை. சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்புகிற பை அது.

"வழியெல்லாம் மழை பெய்ஞ்சிருக்குட்டி. எல்லாரும் உழுது போட்டிருக்காவ. பாக்கவே நல்லாருந்துச்சு" என்றாள். வெயில் அவள் முகத்தில் இருந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தாள்.

சாப்பிட்டோம். நடுத்துண்டை அவளே எடுத்துக்கொண்டாள். அதில் எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. பிறகு அதே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் படத்தை ஓடவிட்டேன்.

சேறு. சேறு. ஒரு கடல் அட்டை. மறுபடி சேறு. திடீரென்று வரிவரியாகச் சால்கள்.

"ஏட்டி, உழுதிருக்கு" என்றாள் அக்கா.

எனக்கும் அப்படியேதான் தோன்றியது. பக்கத்தில் பக்கத்தில் நேராக ஓடும் சால்கள், ஓரத்தில் புரண்டு கிடக்கும் மண். புரட்டாசியில் உழுத காட்டைப் பார்த்தால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சாப்பிடாமலே வயிறு நிறையும். விதைப்பு வரப்போகிறது என்று அர்த்தம். நான் சிரித்துக்கொண்டே, "ஆமாக்கா, நல்ல உழவு" என்றேன். பாடம் படித்தவள், இத்தனை வருடம் இதையே பார்த்தவள், அப்படித்தான் சொன்னேன். இரண்டு பேரும் ஏதோ நல்ல சேதி வந்ததைப் போல அந்தச் சால்களைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

பிறகுதான் கற்கள் இல்லை என்பதைக் கவனித்தேன். ஒன்றுகூட இல்லை. படத்தை நிறுத்திவிட்டு, படிக்காமல் விட்ட மின்னஞ்சலைத் திறந்தேன். கடலடி உருண்டைகளை அள்ளும் இயந்திரம் ஒன்றை அந்தப் பகுதியில் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். சோதனைக்காக. அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று ஒப்பிடத்தான் இரண்டாவது முறை காமிரா போயிருக்கிறது. அந்த உருண்டைகளில் இருக்கும் உலோகம் மேலே எல்லாருக்கும் வேண்டியிருக்கிறது. பேட்டரிக்கு வேண்டும். என் கையில் இருக்கும் போனுக்கும் வேண்டும்.

"யாரு உழுதது?" என்றாள் அக்கா.

"உழவு இல்லைக்கா. கல்லு அள்ளுத மிஷின் போன தடம்."

"சரி, எப்ப முளைக்கும்?"

"முளைக்காது."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சொன்னேன். முன்னொரு காலத்தில் வேறொரு கடலில் இதேபோல அள்ளிப் பார்த்திருக்கிறார்கள். பல பத்தாண்டு கழித்துப் போய்ப் பார்த்தால் சால் நேற்றுப் போட்டது போலவே கிடந்திருக்கிறது. சேற்றில் ஊர்கிறவை கொஞ்சம் திரும்பி வந்திருக்கின்றன. கல்லில் ஒட்டுகிறவை வரவில்லை. கல் இருந்தால்தானே வருவதற்கு. அவள் சேவுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே மடியில் வைத்திருந்தாள்.

"அவளைத் தேடு" என்றாள்.

படத்தின் ஓரத்தில் இடத்தைக் காட்டும் எண்கள் இருக்கும். பழைய படத்தின் எண்களை வைத்துத் தேடினேன். அந்த இடம் இயந்திரம் ஓடிய பகுதியின் ஓரத்திலேயே வந்தது. சால், சால், மறுபடி சால். அந்தக் காம்பு போயிருந்தால் அக்கா இனி எதற்காக இந்த நாற்காலிக்கு வருவாள் என்று ஒரு நினைப்பு வந்தது. அற்பமான நினைப்புதான். அன்றைக்கு எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது.

உழவு என்று தப்பாக நினைத்தது கடைசியில் கைகொடுத்தது. டிராக்டரில் உழும்போது திரும்புகிற மூலையில் கலப்பை படாமல் ஒரு துண்டு விட்டுப்போகும். அப்பா மண்வெட்டியோடு போய் அந்த மூலையைக் கொத்திவிடுவார். இந்த இயந்திரமும் எங்காவது திரும்பித்தானே ஆக வேண்டும். மின்னஞ்சலில் அது ஓடிய பாதையின் வரைபடம் இருந்தது. பாதை வளைகிற இடத்தைப் பார்த்து அந்தப் படங்களை எடுத்தேன். சால் வளைந்து போயிருந்தது. வளைவுக்கும் ஓரத்துக்கும் நடுவில் முக்கோணமாக ஒரு துண்டு நிலம். அதில் கற்கள் இருந்தன.

ஒட்டிப் பிறந்த இரட்டைக் கல்லும் இருந்தது. அதன் மேல் நுனி ஒடிந்து சாய்ந்த காம்பு.

எல்லாவற்றின் மேலும் கிளறிய சேறு மெல்லிய தூசாகப் படிந்திருந்தது. காம்பில் பேய்க்கணவாய் இல்லை. முட்டைகளும் இல்லை. கிழிந்த தோல் மாதிரி ஏதோ சில இடங்களில் ஒட்டியிருந்தது. முட்டை பொரிந்து மிச்சமான தோலா, பொரிவதற்கு முன்பே சேறு மூடி அழிந்ததா என்று அந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. பெரிது பண்ணிப் பார்த்தேன். முடியவில்லை. காம்பின் நடுவில் மெல்லிய கைகளுள்ள சின்ன நட்சத்திர மீன் ஒன்று ஏறிப் பற்றியிருந்தது. அது முன்பு இல்லை.

அக்கா வெகுநேரம் பார்த்தாள்.

"பொரிச்சிருக்கும்" என்றாள். "வேலை முடிஞ்சிருக்கும். கெளம்பிப் போயிருப்பா. போயிருப்பால்லா?"

"போயிருப்பாக்கா" என்றேன்.

"வேற ஒண்ணு ஏறிருக்கு பாரு. காம்பு சும்மா கெடக்கல" என்று சொல்லி எழுந்து, சேலையை உதறிவிட்டுக் கைப்பையை எடுத்தாள். நாலு நாள் இருந்துவிட்டுப் போ என்று நான் சொல்ல நினைத்த வாக்கியம் அப்படியே வாயில் இருந்தது. "மிச்ச மீனைப் பூனைக்கு வை" என்றாள். பூனை வருவதில்லை என்று நான் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போனேன். ஜன்னல் ஓர இடம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் கையாட்டினாள். பஸ் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து அதே படத்தைத் திறந்தேன். வேலையாவது பார்ப்போம் என்றுதான். நட்சத்திர மீனைச் சுற்றிக் கட்டம் போட்டேன். எதன் மேல் இருக்கிறது: பஞ்சின் காம்பு. காம்பு எதன் மேல்: கல். அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை. அந்த மென்பொருளில் இருப்பதற்குத்தான் கட்டம் போடலாம். முன்பு இருந்ததற்குப் போட வழி கிடையாது.

போன் அடித்தது. அக்காதான். பஸ் இரைச்சலுக்கு மேலே கத்தினாள்.

"ஏட்டி, கேக்கா?"

"கேக்குதுக்கா."

"அந்தப் பேய்க்கணவாய் செத்துப் போயிருக்கும்லா?"

நான் திரையில் இருந்த காம்பைப் பார்த்தேன்.

"எங்க வீட்டுப் பிள்ளை, காலேஜ் படிக்காளே, அவ கல்யாணமான புதுசுலயே போன்ல பாத்துச் சொல்லிட்டா. முட்டை பொரிச்சதும் தாய் செத்துப் போயிருமாம். உனக்குத் தெரியாதோ என்னமோ, சொன்னா நீ அழுவேன்னுதான் கெளம்பிப் போயிருப்பான்னு சொன்னேன்."

"எனக்கு மொதல்லயே தெரியும்க்கா. நீ அழுவேன்னுதான் நான் சொல்லல."

பஸ் எங்கோ நின்றது. யாரோ சில்லறை கேட்டார்கள். பிறகு அக்கா, அந்தப் பஸ்ஸில் உள்ள அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அவ செத்தா. நான் சாகலட்டி. புதியம்புத்தூர்லதான் இருக்கேன். நீதான் எட்டிப் பாக்க மாட்டேங்குத. அந்தப் பஞ்சு மாதிரி நீயும் என்ன கல்லுலயா ஒட்டிக்கிட்டு இருக்க? உனக்குக் காலு இருக்குலா. பஸ் ஏறி வா."

"வாரேன்க்கா" என்றேன்.

"என்ன? கேக்கல."

"வாரேன்" என்று கத்தினேன்.